சிறுநீரகக் கல் சிகிச்சை: துளை சுருங்கிய கதையில் விடுபட்ட நீர்

சிறுநீரகக் கல் அறுவை சிகிச்சையின் வரலாற்றைப் பெரும்பாலும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள்: காயம் சிறுத்துக்கொண்டே வந்தது. விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளம் கீறிய காலம் போய் விரல் நுழையும் துளை வந்தது. பிறகு பென்சில் பருமன், அப்புறம் ஊசிப் பருமன். மருத்துவமனை விளம்பரங்கள் இந்த வரியைத்தான் நம்பியிருக்கின்றன. நோயாளியும் அதைத்தான் கேட்க விரும்புகிறார். இந்த வரி பொய்யில்லை, ஆனால் பாதிக் கதைதான். எண்டோஸ்கோப்பி வழியாகக் கல்லை எடுப்பவர் ஓடும் நீருக்குள் வேலை செய்கிறார். ரத்தத் துளியும் கல் தூசியும் கண்ணை மறைக்காமல் இருக்க, சலைன் நீர் இடைவிடாமல் உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். உள்ளே போன நீர் வெளியே வந்தாக வேண்டும். வெளியே வரும் வழி, கருவிக்கும் அது நுழையும் குழாய்க்கும் நடுவே மிஞ்சும் இடைவெளிதான். கருவி எவ்வளவு பெரியது என்பதைவிட அந்த இடைவெளி எவ்வளவு என்பதே இந்தத் தொழிலின் நல்லது கெட்டதை அதிகம் தீர்மானித்திருக்கிறது. வெளிவழியைக் கவனித்தபோதெல்லாம் இத்தொழில் முன்னேறியது. துளையின் அளவை மட்டும் கவனித்தபோது புதிய ஆபத்தை வரவழைத்துக்கொண்டது என்பதே என் வாதம்.

தொடக்கத்தில் பேச்சு சிறுநீரகத்தைப் பற்றியது அல்ல, சிறுநீர்ப்பையைப் பற்றியது. சுஸ்ருதர் காலம் முதல் 18ஆம் நூற்றாண்டு வரை கல்லடைப்புக்கு அறுவை என்றால், பெரும்பாலும் ஆசனவாய்க்கு முன்னுள்ள பகுதியில் வெட்டிப் பையிலிருக்கும் கல்லை எடுப்பதுதான். லண்டனில் வில்லியம் செசல்டன் ஒரு நிமிடத்துக்குள் இதை முடிப்பார் என்று பெயர். மயக்க மருந்து இல்லாத காலத்தில் வேகமே கருணை. 1824 ஜனவரியில் பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் ஷான் சிவியால் வெட்டாமலே ஒரு கல்லை எடுத்துக் காட்டினார். இயற்கையான சிறுநீர்த்தாரை வழியாக நேரான குழாய் ஒன்றை நுழைத்து, மூன்று நகங்களால் கல்லைப் பிடித்து, துளையிட்டு உடைத்தார். அவர் திரட்டிய கணக்குகளை 1835இல் பிரெஞ்சு அறிவியல் அகாதமியின் குழு ஆராய்ந்தது. வெட்டி எடுக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்திருந்தார். நொறுக்கும் முறையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர். எளிய கல் உள்ளவர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று சொல்லலாம், அதில் உண்மையும் இருக்கக்கூடும். ஆனாலும் அந்த வித்தியாசம் அதனால் மட்டும் வரக்கூடியதல்ல. வெட்டுக்கு எதிராக இயற்கை வழி பெற்ற முதல் பெரிய வெற்றி அது. ‘சிறியதே நல்லது’ என்ற நம்பிக்கையும் அங்கிருந்துதான் வேர்விட்டது.

சிவியால் போன்றவர்களுக்குக் கருவி செய்து கொடுத்தவர்களில் ஒருவர் ஷாரியேர், சுவிட்சர்லாந்தில் பிறந்து பாரிஸில் பட்டறை வைத்தவர். குழாய்களின் பருமனை மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு வீதம் எண்ணிடும் முறை அவருடையது. இன்றும் உலகம் முழுக்கச் சிறுநீர்க் குழாயின் உறை மீது ‘பிரெஞ்சு’ அளவு என்று அச்சிடப்படுவது அதுதான். 30 என்றால் 10 மில்லிமீட்டர், 12 என்றால் 4 மில்லிமீட்டர். இந்த அளவுகோல் உடலின் பக்கத்திலிருந்து பார்க்கிறது: எவ்வளவு பருமனான பொருள் உள்ளே நுழையப்போகிறது என்பதே அதன் கேள்வி. குழாயின் உள்ளே எவ்வளவு நீர் ஓடும் என்பதற்கு அதில் பதில் இல்லை. அந்த அளவுகோல் பிறந்த அதே 1840களில், அதே பாரிஸில், பொய்சேய் என்ற மருத்துவர் நுண்ணிய கண்ணாடிக் குழாய்களில் திரவத்தை ஓடவிட்டு அளந்துகொண்டிருந்தார். அழுத்தமும் நீளமும் மாறாமல் விட்டம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை, பதினாறில் ஒன்றாகிறது என்று அவர் காட்டினார். அவர் மனதில் இருந்தது ரத்த ஓட்டம். கல் எடுக்கும் கருவி அல்ல. ஆனாலும் கருவியின் பருமனை எண்ணும் முறையும் குழாயில் நீர் ஓடும் விதியும் ஒரே ஊரில் ஒரே பத்தாண்டில் பிறந்திருக்கின்றன. முன்னது சீக்கிரமே அறுவை அரங்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னது வந்துசேர நூறாண்டுக்கு மேல் பிடித்தது.

நடுவில் ஒருவர், பொய்சேயின் சூத்திரத்தை நாடாமலே, கைப்பழக்கத்தால் அந்த உண்மையைத் தொட்டார். சிவியால் வழியில் கல்லை நொறுக்கியவர்கள் ஒரு தடவைக்குச் சில நிமிடங்களே கருவியை உள்ளே வைத்திருப்பார்கள். துண்டுகள் சிறுநீரோடு தாமாக வெளியேறட்டும் என்று விட்டுவிட்டு, சில நாள் கழித்து மீண்டும் நொறுக்குவார்கள். கருவி பைக்குள் அதிக நேரம் இருந்தால் கேடு என்பது அன்றைய நம்பிக்கை. 1878இல் பாஸ்டன் அறுவை மருத்துவர் ஹென்றி பிகலோ இதைத் திருப்பிப் போட்டார். பையைக் கெடுப்பது கருவியல்ல, உள்ளே விட்டுவைத்த கூரான துண்டுகள்தான் என்றார் அவர். ஆகவே மயக்க மருந்து கொடுத்து, எவ்வளவு நேரமானாலும் ஒரே அமர்வில் முழுக்க நொறுக்கி, நீரைச் செலுத்தி உறிஞ்சி, துண்டுகளை அப்போதே வெளியேற்ற வேண்டும். அதற்கு அவருக்குத் தேவைப்பட்டது முன்பு பயன்பட்டதைவிடப் பெரிய குழாய். சிறுநீர்த்தாரை நாம் நினைத்ததைவிட அகலமானது என்று நியூயார்க்கின் ஃபெசண்டன் ஓட்டிஸ் அளந்து சொல்லியிருந்தது அவருக்குக் கைகொடுத்தது. ஜோசப் குளோவர் முதலியோர் முன்பே நீரால் உறிஞ்சும் குமிழ்களைச் செய்திருந்தார்கள். ஆனால் அவற்றின் குழாய் ஒடுக்கமானது, துண்டுகள் வழியிலேயே சிக்கிக்கொள்ளும். ஆக 19ஆம் நூற்றாண்டின் இரண்டாவது பெரிய முன்னேற்றம் கருவியைப் பெரிதாக்கியதால் வந்தது. வரலாற்றை ஒரே வரியில் சொல்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டித்தான் போகிறார்கள்.

பிகலோவின் முறைக்கு அழுத்தமான சோதனை இந்தியாவில் நடந்தது. வட இந்தியச் சிறுவர்களிடம் பையில் கல் அன்று மிகச் சாதாரணம். சிறுவனின் தாரை ஒடுக்கமானது, அதில் இந்தக் கருவிகள் போகாது, வெட்டுவதுதான் வழி என்பது ஐரோப்பிய நூல்களின் தீர்ப்பு. இந்தூரில் பணியாற்றிய கீகன் 1880களில் சிறுவர்களுக்கென்று அளந்த சிறு நொறுக்கியையும் அதற்குப் பொருந்தும் உறிஞ்சுகுழாயையும் கொண்டு அந்தத் தீர்ப்பைப் பொய்யாக்கினார். பின்னாளில் புராஸ்டேட் அறுவைக்காகப் புகழ்பெற்ற பீட்டர் ஃப்ரேயரும் இந்திய மருத்துவப் பணியில் இருந்தபோது இந்த அறுவையை நூற்றுக்கணக்கில் செய்தவர். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கீகன் சிறிய கருவிக்குப் போனார் என்றாலும், உடைக்கும் கருவியை மட்டும் சுருக்கிவிட்டு வெளியேற்றும் குழாயை மறந்துவிடவில்லை. இரண்டையும் ஒரு ஜோடியாகவே பார்த்தார். நூறாண்டு கழித்துச் சிறுநீரகத்தில் இதே வேலையைத் தொடங்கியவர்கள் அந்த ஜோடியைப் பிரித்துவிட்டார்கள்.

பையில் பிழைத்துப்போன பிழை சிறுநீரகத்தில் பிழைக்காது. பை நெகிழ்வான சேமிப்பிடம். அரை லிட்டர் அளவுக்குக்கூடக் கொள்ளும், கொஞ்சம் அதிகமானாலும் விரிந்துகொடுக்கும். சிறுநீரகத்தின் உட்குழி சில மில்லிலிட்டர் மட்டுமே கொள்ளக்கூடிய சிறு கிண்ணம், அதன் சுவருக்கு மறுபுறம் ரத்தக் குழாய்கள் அடர்ந்து கிடக்கின்றன. 1920களில் ஃபிராங்க் ஹின்மனும் லீ பிரவுனும் சிறுநீரகத்துக்குள் அழுத்தத்தோடு திரவம் செலுத்தி, அது எங்கே போகிறது என்று பார்த்தார்கள். ஓரளவுக்கு மேல் அழுத்தம் ஏறினால் திரவம் குழியின் விளிம்பைக் கிழித்துக்கொண்டு நேரே ரத்த நாளங்களுக்குள் பின்னோக்கிப் பாய்ந்தது. இன்று பாடநூல்கள் அந்த எல்லையைச் சுமார் 30 மில்லிமீட்டர் பாதரசம், அதாவது 40 சென்டிமீட்டர் நீர் என்று சொல்கின்றன. இதன் பொருளை எளிய கணக்கில் பார்க்கலாம். சலைன் பையை நோயாளியைவிட ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டால் அது தரக்கூடிய அழுத்தம் 100 சென்டிமீட்டர் நீர். நீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை குறுகிய வழிகளில் அதில் பெரும்பங்கு செலவாகிவிடும். வெளிவழி அடைபட்டால் ஓட்டம் நிற்கும், செலவும் நிற்கும். சலைன் பையின் உயரம் தரும் அழுத்தம் முழுவதும் சிறுநீரகத்தின் மேல் இறங்கும். கையால் அழுத்தும் பம்பு அதையும் எளிதில் தாண்டும். கலிங்கு இல்லாமல் யாரும் ஏரி கட்டுவதில்லை. கல்லுக்குள் கிருமி குடியிருப்பது சகஜம். கல் உடையும் நேரத்தில் நீர் பின்னோக்கிப் பாய்ந்தால், கிருமியும் அதன் நஞ்சும் ரத்தத்தில் கலக்கும். இந்த அறுவைக்குப் பிறகு வரும் குளிர்காய்ச்சலுக்கும், அரிதாக உயிரைப் பறிக்கும் செப்சிஸுக்கும் இது ஒரு முக்கிய வாசல்.

முதுகு வழியாகச் சிறுநீரகத்தைத் துளைத்தவர்கள் இதைப் பற்றி ஆரம்பத்தில் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் போட்ட துளை பெரியது. 1941இல் ரூபெல், பிரவுன் இருவரும் ஏற்கெனவே இருந்த அறுவைத் துளை வழியாகப் பைநோக்கியை விட்டுச் சிறுநீரகக் கல்லை எடுத்தார்கள். 1955இல் கலிஃபோர்னியாவில் வில்லார்ட் குட்வின் வீங்கிய சிறுநீரகத்தை ஊசியால் துளைத்து வடிகுழாய் வைத்தார். 1976இல் ஸ்வீடனின் ஃபெர்ன்ஸ்ட்ரோம், யோஹான்சன் இருவரும், கல்லை எடுப்பதற்காகவே ஒரு துளையைப் போட்டு, நாள்கணக்கில் அதை மெல்ல அகலப்படுத்தி, மூன்று நோயாளிகளுக்குக் கல்லை எடுத்தார்கள். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் பீட்டர் ஆல்கன் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் உலோகக் குழாய்களால் அந்த அகலத்தை ஒரே அமர்வில் கொண்டுவந்தார். மினசோட்டாவில் குர்ட் அம்ப்லாட்ஸின் பிளாஸ்டிக் உறை, துளையைத் திறந்த நிலையிலேயே நிறுத்திவைத்தது. 30 பிரெஞ்சு உறைக்குள் 24 அல்லது 26 பிரெஞ்சு கருவி. சுற்றிலும் தாராளமான இடைவெளி. நீர் கொட்டிக்கொண்டே வெளியேறும். அழுத்தத்தைக் குறைக்கும் நோக்கத்தோடு அந்த உறை வந்ததாகத் தெரியவில்லை. பெரிய துண்டுகளை இழுத்து எடுக்கவும், கருவியை மீண்டும் மீண்டும் விட்டு எடுக்கவும்தான் அது வந்தது. அதன் மிகப் பெரிய நன்மை யாரும் கேட்காமலே கிடைத்தது. கேட்காமல் கிடைத்ததால்தான் பின்னால் அதைக் கைவிட்டபோதும் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

1980இல் ம்யூனிக்கில் கிறிஸ்டியன் ஷௌசி அதிர்வலையால் உடலுக்கு வெளியிலிருந்தே கல்லை உடைத்துக் காட்ட, துளை போடும் அறுவை சில ஆண்டுகள் பின்னுக்குப் போனது. திரும்பி வந்தபோது, வெட்டே இல்லாத சிகிச்சையோடு அது போட்டிபோட வேண்டியிருந்தது. அளவைச் சுருக்கும் ஓட்டத்துக்கு இது ஒரு காரணம். 1998இல் ஜாக்மன் குழுவினர் குழந்தைகளுக்கு 11 பிரெஞ்சு உறையில் செய்தது மிக நியாயமானது. குழந்தையின் சிறுநீரகத்தில் 10 மில்லிமீட்டர் துளை என்பது மிகப் பெரிய காயம். ஆனால் குழந்தைக்காகச் செய்த சுருக்கம் சீக்கிரமே பெரியவர்களுக்கும் விற்பனைப் பொருளானது: மினி, அல்ட்ரா மினி, சூப்பர் மினி. 2011இல் குஜராத்தின் நடியாத்தில் மகேஷ் தேசாய் குழுவினர் பங்கேற்ற ‘மைக்ரோ பெர்க்’ 4.85 பிரெஞ்சு ஊசி வழியாகவே பார்த்து, அதன் வழியாகவே லேசரால் உடைத்தது. தொழில்நுட்பமாக அது வியக்க வைப்பது. ஆனால் அந்த ஊசியைச் சுற்றி உறை இல்லை. உடைந்த கல் தூசி ஊசி வழியே வெளிவராது. நீர் வெளியேறக் கீழிருந்து வைத்த சிறு வடிகுழாயும், சிறுநீரகத்தைப் பையோடு இணைக்கும் சிறுநீர்நாளமும்தான் வழி. சுருக்கத்துக்குக் கொடுத்த விலையை 2008இலேயே குவாங்ஜோ மருத்துவர்கள் அளந்து காட்டியிருந்தார்கள். வெவ்வேறு அளவுத் துளைகளில் உட்குழியின் அழுத்தத்தைப் பதிவுசெய்தபோது, சிறிய துளைகளில் அழுத்தம் அதிகம். அழுத்தம் 30 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டி இருந்த மொத்த நேரம் கூடக்கூட அறுவைக்குப் பின் காய்ச்சலும் கூடியது.

இதில் நுட்பமான விஷயம் துளையின் அளவு அல்ல, இடைவெளிதான். 4 மில்லிமீட்டர் கருவி ஒன்றை உள்விட்டம் 5 மில்லிமீட்டரான உறைக்குள் விட்டால் சுற்றிலும் அரை மில்லிமீட்டர் இடம் மிஞ்சும். அதே கருவியை 6 மில்லிமீட்டர் உறைக்குள் விட்டால் ஒரு மில்லிமீட்டர். இப்படிப்பட்ட வளைய இடைவெளியில் ஓட்டம் இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், நோயாளியின் முதுகில் துளை ஒரே ஒரு மில்லிமீட்டர் பெரிதாகும்போது நீர் வெளியேறும் திறன் கிட்டத்தட்ட 9 மடங்காகிறது. எனவே ‘15 பிரெஞ்சு துளை’ என்று மட்டும் சொல்வது எதையும் சொல்லவில்லை. அதற்குள் போகும் கருவி 12ஆ, 9ஆ என்று தெரிந்தால்தான் அது பாதுகாப்பானதா என்று பேச முடியும். ஜெர்மனியின் நாகெலே குழு இந்தக் கணக்கைத் தன் பக்கம் திருப்பியது: கருவிக்கும் உறைக்கும் நடுவே போதிய இடம் விட்டு, உறையின் வெளிமுனையைத் திறந்தே வைத்தால் அழுத்தம் தாழ்ந்திருக்கும், கருவியின் நுனிக்கு முன்னால் நீர் சுழன்று, கல் துண்டுகளைத் தானே வெளியே இழுத்து வரும். பிகலோ குமிழால் செய்ததை ஓட்டத்தாலேயே செய்கிறது இந்த ஏற்பாடு.

முதுகைத் துளைக்காமல் சிறுநீர்த்தாரை வழியாகக் கீழிருந்து ஏறும் முறையில் இதே சிக்கல் இன்னும் கூர்மையாக வருகிறது. 1912இல் ஹியூ ஹாம்ப்டன் யங் ஒரு குழந்தையின் சிறுநீர்நாளத்துக்குள் தற்செயலாக ஏறிப்போய்ச் சிறுநீரகத்தையே பார்த்தார். பிறவிக் குறையால் அந்த நாளம் வீங்கி அகன்றிருந்ததால் அது சாத்தியமானது. 1964இல் விக்டர் மார்ஷல் அறிமுகப்படுத்திய 9 பிரெஞ்சு இழைநோக்கியால் பார்க்க மட்டுமே முடியும். நீர் செலுத்தவோ நுனியை வளைக்கவோ அதில் வசதி இல்லை. 1980இல் ஸ்பெயினின் பெரேஸ் காஸ்ட்ரோ நாளத்துக்கென்றே நீண்ட விறைப்பான கருவியைக் கொண்டுவந்தார். அதற்கும் முன்பே, 1974இல், ஜப்பானின் தகாயாசுவும் ஆசோவும் வளையும் நோக்கியை ஏற்றுவதற்கு ஒரு வழிகாட்டிக் குழாயைப் பற்றி எழுதிவைத்திருந்தார்கள். சிறுநீர்நாளத்து உறை என்று இன்று சொல்லப்படுவதன் முன்னோடி அது. சுமார் 2000க்குப் பிறகு இந்த உறை புதுப்பொலிவோடு திரும்பி வந்தது. உறை போட்டதும் சிறுநீரக அழுத்தம் பாதிக்கும் மேல் குறைவதை 2004இல் வெளியான அளவீடு காட்டியது. ஆனால் நாளம் ஓர் அளவுக்குத்தான் இடம் கொடுக்கும். 2013இல் பிரான்சின் ஒலிவியே திராக்சேர் 12 பிரெஞ்சு உள்விட்டமும் 14 பிரெஞ்சு வெளிவிட்டமும் கொண்ட உறை போடப்பட்ட 359 பேரின் நாளத்தை உறையை எடுக்கும்போது பார்த்து எழுதினார்: 46.5 சதவீதத்தினருக்கு ஏதாவது ஒரு காயம், 13.3 சதவீதத்தினருக்கு ஆழமான காயம். வெளிவழியைப் பெரிதாக்கினால் நாளம் கிழிகிறது, சிறிதாக்கினால் சிறுநீரகம் நீரைக் குடிக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு எதிர்வாதங்களைத் தட்டிக்கழிக்க முடியாது. முதலாவது ரத்தம். சிறு துளையில் ரத்தப்போக்கு குறைவு என்பது பல ஒப்பீடுகளில் நிலைத்த முடிவு. ரத்தம் ஏற்ற வேண்டிய நோயாளிகளும் குறைகிறார்கள். அது உண்மைதான், பழைய 30 பிரெஞ்சு துளைக்கே திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ரத்தப்போக்கைக் குறைப்பது உறையின் வெளிவிட்டம். அழுத்தத்தைக் குறைப்பது உறைக்கும் கருவிக்குமான வித்தியாசம். இரண்டும் வேறு வேறு எண்கள். நோக்கிகளை மெலிய வைத்தால் வெளித்துளையைச் சிறிதாக வைத்துக்கொண்டே இடைவெளியைக் காப்பாற்றலாம். இரண்டாவது எதிர்வாதம் 30 மில்லிமீட்டர் பாதரசம் என்ற அழுத்த எல்லையைப் பற்றியது. அது ஆளுக்கு ஆள் மாறும், நாட்பட்ட அடைப்பால் விரிந்த சிறுநீரகம் கூடுதலாகத் தாங்கும், எல்லையைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் ஒன்றும் ஆகாமல் வீட்டுக்குப் போகிறார்கள் என்பார்கள். சரிதான். கிருமி இல்லாத கல், குறைந்த நேர அறுவை என்றால் உடல் மன்னித்துவிடுகிறது. ஆனால் எந்தக் கல்லுக்குள் கிருமி இருக்கிறது என்பது உடைப்பதற்கு முன் எப்போதும் தெரிவதில்லை. அறுவைக்கு முன் செய்த சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக இருந்தும் கல்லுக்குள் கிருமி இருப்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த செய்தி. எல்லை துல்லியமற்றது என்பது அதை அளக்காமல் விடுவதற்குக் காரணமாகாது, தாழ்வாக வைப்பதற்குத்தான் காரணம்.

மூன்றாவது எதிர்வாதம் இன்று வலுவானது: உறிஞ்சும் உறைகள் வந்துவிட்டன, பழைய கவலை தீர்ந்தது என்பது. சீனாவில் உருவான சூப்பர் மினி முறையிலும், அண்மையில் பரவும் வளைந்து கொடுக்கும் உறிஞ்சு உறைகளிலும் நீர் தானாக வெளிவரக் காத்திருப்பதில்லை, இழுத்து எடுக்கப்படுகிறது. நுனியிலேயே அழுத்தமானி பொருத்திய ஒருமுறைப் பயன்பாட்டு நோக்கிகளும் விற்பனைக்கு வந்துள்ளன. இவை என் வாதத்துக்கு எதிரானவை அல்ல, அதன் சான்றுகள். துளையின் அளவைக் குறைத்தே முப்பது ஆண்டு ஓடிய ஒரு தொழில், கடைசியில் வெளிவழியைத் திறப்பதற்கே கருவி செய்ய வந்திருக்கிறது. ஆனால் உறிஞ்சுகுழாய் ஒரு கல் துண்டால் அடைபட்ட நொடியில் எல்லாம் பழைய கணக்குக்குத் திரும்பிவிடும், அப்போது பையின் உயரமே ஆளும். விலையும் ஒரு கேள்வி. அழுத்தமானி உள்ள நோக்கியை வாங்க முடியாத அறுவை அரங்குகள்தான் இந்தியாவிலும் இலங்கையிலும் பெரும்பான்மை. அங்கே பையைத் தாழ்வாகத் தொங்கவிடுவதும், கை பம்பை அளவோடு அழுத்துவதும், அறுவையின் நேரத்தைக் கட்டுக்குள் வைப்பதும்தான் கிடைக்கும் காவல்.

எனவே கருவி செய்பவர்கள் உறையின் மீது ஒரு பிரெஞ்சு எண்ணை மட்டும் அச்சிடும் பழக்கத்தை விட வேண்டும். உள்விட்டம், வெளிவிட்டம், எந்த நோக்கியோடு சேர்ந்தால் எவ்வளவு இடைவெளி என்ற மூன்றையும் அச்சிட வேண்டும். அறுவைக் குறிப்பில் துளையின் அளவை எழுதும் மருத்துவர், சலைன் பை எவ்வளவு உயரத்தில் இருந்தது, பம்பு எந்த அழுத்தத்தில் ஓடியது என்பதையும் அதே வரியில் எழுதட்டும். ‘எவ்வளவு சின்ன ஓட்டை?’ என்று கேட்கும் நோயாளியும், உள்ளே விடும் நீர் எப்படி வெளியே வரும் என்று கூடவே கேட்கலாம்.